டீம் ஆற்றுக்கு அக்கரை

வேல்ஸ் - இங்கிலாந்து எல்லையில் உள்ள நைட்டன் என்ற சிற்றூரில் ஊர் ஒரு நாட்டில், ரயில் நிலையம் இன்னொரு நாட்டில். பல தலைமுறைகளாக ஊர்க்காரர்கள் பொருட்படுத்தாதிருந்த ஒரு கோடு, இப்போது மருந்துச் சீட்டிலும் மருத்துவமனை வரிசையிலும் குறுக்கிடுகிறது.

ஸ்வான்ஸிக்கும் ஷ்ரூஸ்பரிக்கும் இடையே ஊர்ந்து செல்லும் அந்த ரயிலுக்குப் பெட்டிகள் ஒன்றோ இரண்டோதான். நாளொன்றுக்கு எத்தனை முறை வரும் என்பதை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். நைட்டனில் இறங்கும் பயணி, கூரான முக்கோண முகப்புகள் கொண்ட பழைய கல் கட்டடத்தைப் பார்த்து, வேல்ஸுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். வரவில்லை. அவர் நிற்பது இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சில நிமிடம் நடந்து, டீம் என்ற சிற்றாற்றின் பாலத்தைக் கடந்தால்தான் வேல்ஸ். அங்கே அறிவிப்புப் பலகைகள் இரு மொழி பேச ஆரம்பிக்கின்றன. வண்டிகளை மெதுவாகச் செல்லச் சொல்லும் எழுத்துகள் தார்ச் சாலையிலேயே ஆங்கிலத்திலும் வேல்ஷிலும் தீட்டப்பட்டிருக்கின்றன. வேல்ஷில் அந்தச் சொல் 'அராவ்'.

சுமார் 3,000 பேர் வாழும் ஊர். மேட்டில் ஏறும் குறுகலான தெரு, அடிவாரத்தில் 1872-இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு, நாலு புறமும் செம்மறி ஆடுகள் மேயும் பச்சைக் குன்றுகள். தெருவின் பெயரே 'நேரோஸ்', அதாவது குறுகல்கள். மணிக்கூண்டு இருக்கும் இடத்தில்தான் அந்தக் காலத்தில் மனைவியைக் கயிற்றில் கட்டி அழைத்துவந்து விற்பார்கள், கடைசி விற்பனை 1842-இல் நடந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. விவாகரத்துக்குச் சட்டத்தில் வழியில்லாத ஏழைகள் கண்டுபிடித்த வழி அது. இந்த வழக்கத்தை ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியும் தன் நாவல் ஒன்றின் தொடக்கமாக்கியிருக்கிறார். விருந்தாளிகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது ஊர்க்காரர்கள் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையுமாகச் சொல்வார்கள்.

பெயர்களிலேயே குழப்பம் தொடங்குகிறது. நைட்டன் என்பது பழைய ஆங்கிலச் சொல். பிரபுவிடம் சேவகம் செய்த வீரர்களின் குடியிருப்பு என்று பொருள். வேல்ஸில் இருக்கும் ஊருக்கு ஆங்கிலப் பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், சில மைல் மேற்கே, இங்கிலாந்தில் இருக்கும் கிராமத்தின் பெயரோ லான்வைர் வாட்டர்டைன். 'லான்வைர்' என்றால் வேல்ஷ் மொழியில் மேரி மாதா கோயில். நைட்டனின் வேல்ஷ் பெயர் ட்ரெவ்-அ-க்ளௌத். கரையின் மேல் அமைந்த ஊர் என்று அர்த்தம்.

அந்தக் கரை, ஆற்றின் கரை அல்ல.

ஒரு மன்னன் போட்ட கோடு

8-ஆம் நூற்றாண்டில் (757 முதல் 796 வரை) மெர்சியா என்ற ஆங்கிலோ-சாக்ஸன் அரசை ஆண்டவன் ஆஃபா. மேற்கே இருந்த வேல்ஷ் சிற்றரசுகளுக்கும் தன் நாட்டுக்கும் நடுவே மண்ணைக் குவித்து நெடுங்கரை ஒன்றை அவன் எழுப்பினான். கரைக்கு மேற்கே, வேல்ஸ் பக்கம், பள்ளம். தற்காப்புக்காகவா, மாடு திருடர்களைத் தடுக்கவா, 'இதுவரை என் நிலம்' என்று அறிவிக்கவா என்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டு மழையில் கரைந்த பிறகும் பல இடங்களில் அது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அதன் மீதே அமைந்த ஒரே ஊர் என்று நைட்டன் சொல்லிக்கொள்கிறது. வீடுகளின் பின்புறத்து மேடாக, பூங்காவின் சரிவாக, ஆட்டுப் பட்டியின் ஓரமாகக் கரை ஊருக்குள் புகுந்து வெளியேறுகிறது.

இன்றைய எல்லை ஆஃபாவின் கரையை ஒட்டி ஓடவில்லை. வேல்ஸை இங்கிலாந்தின் சட்ட ஆட்சிக்குள் கொண்டுவந்த எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டங்கள் 1536-இலும் அதையடுத்தும் வரைந்த கோடு இது. நைட்டன் அடங்கிய ராட்னர்ஷயர் மாவட்டம் அப்போது பிறந்ததுதான். 1974-இல் அது பொவிஸ் என்ற பெரிய மாவட்டத்தில் கரைந்தது. ஆனால் வயதானவர்கள் யாரும் தங்களைப் பொவிஸ்காரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. 'ராட்னர்ஷயர்' என்றுதான் சொல்வார்கள். வேல்ஸிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாவட்டமாக இருந்தது அது. மனிதர்களைவிட ஆடுகள் பல மடங்கு அதிகம்.

இரத்தம் சிந்திய எல்லைதான். ஊருக்குத் தெற்கே சில மைலில் பில்லத் என்ற இடத்தில், 1402 ஜூன் 22 அன்று, வேல்ஷ் கிளர்ச்சித் தலைவர் ஓவைன் க்ளிண்டூரின் படை, எட்மண்ட் மார்ட்டிமரின் ஆங்கிலப் படையை முறியடித்தது. மாண்டவர்கள் புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் குன்றுச் சரிவில் நான்கு உயரமான மரங்கள் நிற்கின்றன. பிற்காலத்தில் அடையாளத்துக்காக நடப்பட்டவை. அவற்றைச் சுற்றி இப்போது ஆடுகள் மேய்கின்றன.

ஆட்டுக் குட்டியும் அடுப்பங்கரையும்

இந்த ஊரின் அன்றாடத்தை நினைவுகூரச் சொன்னால், எழுபது எண்பது வயதைத் தொட்டவர்கள் போரையோ மன்னர்களையோ பற்றிப் பேசமாட்டார்கள். அவர்களது ஆண்டு, ஆடுகளின் ஆண்டு. பனிக்காலத்தின் முடிவில் குட்டி போடும் பருவம். தாயை இழந்த குட்டி, அட்டைப் பெட்டியில் வைக்கோல் மெத்தையில் சமையலறை அடுப்பருகே கிடக்கும். புட்டிப்பால் புகட்டுவது பிள்ளைகளின் வேலை. பள்ளிக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை. அந்தக் குட்டிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். இலையுதிர்காலச் சந்தையில் அது விற்கப்படும்போது யார் அழுவது?

கோடையில் கம்பளி கத்தரிப்பு. ஒரு பண்ணையின் ஆடுகளைக் கத்தரிக்கப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். கூலி கிடையாது. நாளை அவர்கள் பண்ணைக்கு இவர்கள் போவார்கள். கணக்கு எழுதி வைப்பதில்லை, ஆனால் யாரும் மறப்பதுமில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது வீட்டுப் பெண்களின் மானப் பிரச்சினை. எந்த வீட்டு மேஜையில் எத்தனை வகை பணியாரம் இருந்தது என்பது அடுத்த வருஷம்வரை பேசப்படும். உத்தரத்தில் உப்பிட்ட பன்றி இறைச்சி தொங்கும். பல குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு பன்றி வளர்த்து வீட்டிலேயே வெட்டிய காலம் அது.

ஜூலை, ஆகஸ்டில் குன்றுகளின் மேல் புதர்களில் கருநீலப் பழங்கள் பழுக்கும். ஊர் வழக்கில் 'வின்பெரி'. குடும்பம் குடும்பமாக வாளிகளுடன் ஏறுவார்கள். வாளி நிறைய நாள் முழுக்கத் தேவை. நாக்கு ஊதாவாக மாற ஐந்து நிமிடம் போதும். பறித்ததில் ஒரு பங்கு வீட்டுக்கு, மீதி விற்பனைக்கு. பழம் விற்ற காசில்தான் பள்ளிக்கூட பூட்ஸ் வாங்கினோம் என்று சொல்லும் கிழவர்கள் எல்லைக் குன்றுகள் எங்கும் இருந்தார்கள்.

மின்சாரம் தாமதமாகத்தான் வந்தது. ஊருக்குள் விளக்கெரிந்து பல ஆண்டு கழிந்தும், மலைப் பண்ணைகள் பலவற்றில் 1950-களிலும் அறுபதுகளிலும்கூட மண்ணெண்ணெய் விளக்குதான். தண்ணீர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. மேற்கே ஈலன் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி, 1904-இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் திறந்து வைக்க, பர்மிங்ஹாம் நகரத்துக்குத் தண்ணீர் ஓடத் தொடங்கியது. சுமார் 118 கிலோமீட்டர் தூரம். மொத்த இறக்கம் 52 மீட்டர்தான். பம்ப் எதுவும் இல்லாமல், புவியீர்ப்பினால் மட்டுமே அந்தத் தண்ணீர் மெல்ல நடந்து போகிறது. வழியில் நைட்டன் பகுதி மலைகளைக் குடைந்து செல்கிறது. தொலைவிலுள்ள தொழில்நகரத்துக்குக் குழாய் நீர் போய்ப் பல பத்தாண்டு கழிந்த பின்னும், அதன் பாதையை ஒட்டிய மலைப் பண்ணைகளில் கிணற்றிலும் ஊற்றிலும்தான் வாளி இறங்கியது.

1947-இன் பனியை யாரும் மறக்கவில்லை. ஜனவரி இறுதியில் ஆரம்பித்து மார்ச்வரை நீடித்த பனி. வேலிகள் மூழ்கின. சாலைகள் மறைந்தன. பண்ணைகள் வாரக்கணக்கில் துண்டிக்கப்பட்டன. பனிக்குள் புதைந்த ஆடுகளை நீண்ட கழிகளால் குத்தித் தேடினார்கள். நாய் நின்று மண்ணைப் பறிக்கும் இடத்தில் தோண்டினால் சில சமயம் உயிருள்ள ஆடு கிடைக்கும். பெரும்பாலும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமைத் தாகம்

எல்லை என்பது அன்றாடத்தில் உறைத்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வேல்ஸில் மதுக்கடைகள் ஞாயிறு முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்று 1881-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆங்கிலிக்கன் சபையைச் சேராத பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் ஜெபக்கூடங்கள் அன்று வேல்ஸில் பெரும் சக்தி. அவர்களின் வெற்றி அது. வேல்ஸுக்கென்று தனியாகச் செய்யப்பட்ட முதல் நவீனச் சட்டம் என்று சரித்திரக்காரர்கள் அதைக் குறிப்பிடுவதுண்டு. ஒரு தேசம் தன்னைத் தேசமாகக் காட்டிக்கொண்டது கள்ளுக்கடைக் கதவை மூடி.

ஆனால் பாலத்துக்கு அப்பால் இங்கிலாந்து. அங்கே சட்டம் வேறு. காலையில் ஜெபக்கூடத்தில் உரக்கப் பாடிய அதே குரல்கள் சில மணி நேரம் கழித்து ஆற்றுக்கு அக்கரைக் கிராமங்களில் ஒலிப்பதாக எல்லை ஊர்கள் அனைத்திலும் கேலி உண்டு. வடக்கே லானமனெக் என்ற ஊரில் எல்லைக்கோடு ஒரு மதுவிடுதிக்குள்ளேயே ஓடியது. ஞாயிறன்று கட்டடத்தின் வேல்ஸ் பகுதி மூடியிருக்கும். ஆங்கிலேயப் பகுதி நிரம்பி வழியும். சட்டம் கெடவில்லை, தாகமும் தீர்ந்தது.

1961-இல் மாவட்டவாரியாக வாக்கெடுப்பு நடந்தது. எல்லையோர ராட்னர்ஷயர் 'திறக்கலாம்' என்றது. பக்கத்து மான்ட்கமரிஷயர் 'கூடாது' என்றது. லானமனெக் விடுதி இருந்தது அந்த மாவட்டத்தில்தான். வேல்ஸின் கடைசி வறண்ட பகுதி 1996-இல்தான் கதவைத் திறந்தது.

மணி ஓசைக்கும் இங்கே எல்லை தெரியாது. சுமார் ஏழு மைல் தெற்கே ப்ரெஸ்டீன். அந்த ஊர் வேல்ஸில் இருக்கிறது, அதன் தேவாலயமோ இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஜான் பெடோஸ் என்ற துணி வணிகர் 1565-இல் நிலத்தை எழுதி வைத்து, ஒரு பள்ளிக்கூடத்துக்கு வழி செய்தார். கூடவே தினம் இரவு மணி அடிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார். அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்லும் மணி. நூற்றாண்டுகளாக இரவு 8 மணிக்கு அது ஒலித்தது. பெடோஸின் பெயர் தாங்கிய பள்ளிக்கூடம், மாணவர் எண்ணிக்கை குறைந்து, 2014-இல் தனிப் பள்ளியாக இருப்பதை நிறுத்தி வேறொரு பள்ளியின் கிளையானது. நைட்டனில் ஆரம்பப் பள்ளிதான் உண்டு. மேல்படிப்புக்குப் பிள்ளைகள் பஸ் ஏறவேண்டும். அந்தப் பஸ் வேல்ஸுக்குள் போகிறதா, இங்கிலாந்துக்குப் போகிறதா என்பது பெற்றோரின் முடிவு.

எந்த மொழி, யாருடைய மொழி?

வேல்ஸில் இருக்கிறார்கள், வேல்ஷ் தெரியாது. ராட்னர்ஷயரின் கிழக்குப் பகுதியில் 18-ஆம் நூற்றாண்டிலேயே வேல்ஷ் மொழி மங்கிவிட்டது. பாட்டிக்கும் தெரியாது, பாட்டியின் பாட்டிக்கும் தெரியாது. ஆனால் மலையின் பெயர், வயலின் பெயர், பண்ணையின் பெயர் எல்லாம் வேல்ஷ். அர்த்தம் தெரியாமல் வாய் நிறையச் சொல்லும் பெயர்கள்.

அவர்கள் பேசும் ஆங்கிலமும் லண்டன்காரருக்குப் புரியாது. அகழெலிக்கு 'ஊன்ட்'. அது தள்ளிய மண்மேட்டுக்கு 'ஊன்டி-டம்ப்'. உயிர்வேலியில் ஆடு நுழைந்து போகும் இடைவெளிக்கு 'க்ளாட்'. இந்தச் சொற்கள் எல்லைக்கோட்டின் இரு புறமும் ஒன்றே. ஹெரிஃபோர்ட்ஷயர் ஆங்கிலேயனும் ராட்னர்ஷயர் வேல்ஷ்காரனும் ஆட்டுச் சந்தையில் பேசிக்கொண்டால் யார் எவர் என்று வெளியூர்க்காரருக்குக் கண்டுபிடிக்க முடியாது. வேல்ஸும் இங்கிலாந்தும் மோதும் ரக்பி ஆட்டத்தன்று மட்டும் கண்டுபிடித்துவிடலாம்.

1967-இலும் 1993-இலும் வந்த சட்டங்கள் வேல்ஷ் மொழிக்கு உரிமைகளை மீட்டுத் தந்தன. பலகைகள் இருமொழியாயின. பள்ளிகளில் வேல்ஷ் பாடமானது. இதனால் ஒரு விசித்திரம். பேரப்பிள்ளைகள் வேல்ஷில் எண் சொல்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். தாத்தாவுக்கு ஒரு வார்த்தை புரிவதில்லை. தன் வயலின் பெயருக்கு அர்த்தம் என்ன என்று எழுபது வயதில் ஏழு வயதுப் பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

1982 நவம்பரில் வேல்ஷ் மொழிக்கென்று தனித் தொலைக்காட்சி வந்தபோது எல்லைவாசிகள் எடுத்த முடிவு, அவர்களது இரட்டை மனத்துக்கு நல்ல சான்று. கூரை மேல் ஏறி ஆன்டெனாவை இங்கிலாந்து கோபுரத்தின் பக்கம் திருப்பிக்கொண்ட வீடுகள் ஏராளம். வேல்ஸை வெறுத்து அல்ல. தொடர் நாடகத்தின் அடுத்த பகுதி புரியவேண்டுமே!

சிம்லாவில் பிறந்த அயலவர்

1953 இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஆண்டு. போர்க்காலத்திலிருந்து நீடித்த மிட்டாய் ரேஷன் பிப்ரவரியில் நீங்கியது. ஜூன் 2 அன்று எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா. அன்று காலைதான் எவரெஸ்ட் வெற்றிச் செய்தியும் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வந்தது. நைட்டனுக்கு எதிரேயுள்ள ஆங்கிலேயக் குன்றில், ராணியின் பெயரெழுத்துகள் தெரியும்படி வெவ்வேறு நிற மரங்களை நட்டார்கள் என்பது ஊர் வழக்கு.

டென்சிங் நார்கேயையும் எட்மண்ட் ஹிலாரியையும் சிகரத்துக்கு அனுப்பிய அந்தக் குழுவின் தலைவர் ஜான் ஹன்ட், 1910-இல் சிம்லாவில் பிறந்தவர். ராணுவ அதிகாரியாக இந்தியாவில் பணியாற்றியவர். அவர் குடியமர்ந்தது லான்வைர் வாட்டர்டைனில். 1966-இல் பிரபு பட்டம் பெற்றபோது அந்தக் கிராமத்தின் பெயரையே தன் பட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். 1971 ஜூலை 10 அன்று, ஆஃபாவின் கரையை ஒட்டித் தெற்குக் கடலிலிருந்து வடக்குக் கடல்வரை 285 கிலோமீட்டர் நீளும் நடைபாதையை நைட்டனில் அவர்தான் திறந்து வைத்தார். பாதை 20 தடவைக்கு மேல் எல்லையைக் குறுக்கே வெட்டுகிறது. முதுகில் பை சுமந்த நடையாளர்கள் வரத் தொடங்கினார்கள். ஆட்டு வியாபாரிகளை மட்டுமே பார்த்துப் பழகிய விடுதிகள், சேற்று பூட்ஸைக் கழற்றி வைக்க வாசலில் இடம் ஒதுக்கின.

ஊருக்கு வெளியுலகத்தோடு இருந்த இன்னொரு கயிறு ரயில். 1860-களில் வந்த பாதை. மேற்கே நக்ளஸ் கிராமத்தில் பதின்மூன்று வளைவுகள் கொண்ட பாலத்துக்குக் கோட்டைக் கொத்தளம் போல் அலங்காரம் செய்திருக்கிறார்கள். பீச்சிங் அறிக்கை வெளியான 1963-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனின் சிற்றூர் ரயில் பாதைகள் வரிசையாக மூடப்பட்டன. தெற்கே புத்தக ஊர் என்று பிற்பாடு பேர்பெற்ற ஹே-யில் 1962-இன் கடைசி நாளோடு பயணி ரயில் நின்றது. நைட்டன் பாதை தப்பியது. வண்டி கடந்துசெல்லும் தொகுதிகளில் பல, ஆளும் கட்சி சொற்ப வாக்குகளில் ஜெயித்தவை என்பதுதான் காரணம் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கோடு திரும்பி வந்தது

2001-இல் சிரிப்பு நின்றது. பிப்ரவரியில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியது. பிரிட்டன் முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. பொவிஸ் மாவட்டம் மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. சந்தைகள் நின்றன. நடைபாதைகள் அடைக்கப்பட்டன. பண்ணை வாசல்களில் கிருமிநாசினியில் நனைத்த வைக்கோல். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த மந்தை, தன் மலையின் ஒவ்வொரு மடிப்பையும் தாயிடமிருந்து கற்ற மந்தை, ஒரு பிற்பகலில் இல்லாமல் போயிற்று. நஷ்டஈடு வந்தது. ஆனால் குட்டி போடும் பருவத்தில் தொழுவத்தில் நிலவிய அமைதிக்கு யார் விலை போடுவது? கரைக்கு அந்தப் பக்கமும் அதே அமைதிதான். கிருமி எல்லை பார்க்கவில்லை.

அரசாங்கங்கள் பார்க்கத் தொடங்கியிருந்தன. 1997 செப்டம்பரில் வேல்ஸுக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 50.3 சதவீதம் பேர் 'வேண்டும்' என்றார்கள். பொவிஸில் பெரும்பான்மை 'வேண்டாம்'. மயிரிழையில் பிறந்த அந்தச் சபை 1999-இல் இயங்கத் தொடங்கியது. எல்லையில் வாழ்பவர்களுக்குப் பலன் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. 2007 ஏப்ரலில் வேல்ஸில் மருந்துச் சீட்டுக் கட்டணம் ஒழிந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு மருந்துக்கும் காசு தரவேண்டும், இப்போது ஏறக்குறைய 10 பவுண்டு. அதே மாதம் வேல்ஸ் மதுவிடுதிகளில் புகைக்கத் தடை. இங்கிலாந்தில் தடை ஜூலையில்தான். மூன்று மாதம், புகைப்பவர்கள் பாலம் கடந்தார்கள், அவர்களுடைய தாத்தாக்கள் ஞாயிற்றுக்கிழமை கடந்ததைப் போல. 2011-இல் பிளாஸ்டிக் பைக்கு வேல்ஸில் காசு வந்தது, இங்கிலாந்தில் நான்கு ஆண்டு கழித்து. 2023 செப்டம்பரில் வேல்ஸின் குடியிருப்புச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 20 மைலாகக் குறைந்தது. எதிர்த்து 4,60,000 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள்.

இவை எல்லாம் மதுவிடுதியில் பேசிச் சிரிக்கத் தக்க சங்கதிகள். 2020 அப்படி அல்ல. கொரோனா காலத்தில் லண்டன் ஒரு விதி சொன்னது, கார்டிஃப் வேறு விதி சொன்னது. மே மாதம் இங்கிலாந்தில் நடைப்பயிற்சிக்கு எத்தனை மைல் வேண்டுமானாலும் காரில் போகலாம் என்றானது. வேல்ஸில் 'வீட்டுக்கு அருகிலேயே இருங்கள்' என்பது தொடர்ந்தது. ஐந்து மைல் என்பது உத்தேச அளவு. அக்டோபர் 23 முதல் நவம்பர் 9 வரை வேல்ஸ் மூடப்பட்டது. அத்தியாவசியமல்லாத பொருள்கள் கடை அலமாரிகளில் மூடி மறைக்கப்பட்டன. ரயில் நிலையம் ஒரு நாட்டிலும் வீடு மறு நாட்டிலும் இருக்கும் ஊரில், அக்கா ஆற்றுக்கு இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமும் வாழும் ஊரில், ஆயிரம் ஆண்டில் முதல் தடவையாகப் பாலத்தின் மேல் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

ஆனால் மிக ஆழமாக உறைக்கும் விஷயம் மருத்துவமனை. பரப்பில் வேல்ஸின் கால் பங்கான பொவிஸில் முழு அளவிலான பொது மருத்துவமனை ஒன்றுகூடக் கிடையாது. நைட்டனில் சிறிய ஊர் மருத்துவமனைதான். சிக்கலான பிரசவம், இடுப்பு எலும்பு மாற்று, கண் அறுவை என்றால் ஹெரிஃபோர்டுக்கோ ஷ்ரூஸ்பரிக்கோ போகவேண்டும். இரண்டுமே இங்கிலாந்து. வேல்ஷ் பெற்றோருக்குப் பிறந்து, வேல்ஸிலேயே வளர்ந்து, பிறப்புச் சான்றிதழில் மட்டும் ஆங்கில ஊர் பெயர் தாங்கியவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பல காலம் அது ஒரு கேலிப் பேச்சு மட்டுமே.

வேல்ஸில் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் காலம் இங்கிலாந்தைவிட நீளம். ஆங்கிலேய மருத்துவமனைகள் தங்கள் வேகத்தில் பொவிஸ் நோயாளிகளுக்கும் சிகிச்சை அளித்துவந்தன. பில் பொவிஸ் சுகாதார வாரியத்துக்கு வரும். அந்த வேகத்துக்குத் தன்னிடம் பணம் இல்லை என்று 2025-இல் வாரியம் முடிவெடுத்தது. எங்கள் நோயாளிகளை வேல்ஸின் காத்திருப்புக் காலப்படியே கவனியுங்கள் என்று ஆங்கிலேய மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. ஜூலை முதல் நடைமுறை. வாரியத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வேல்ஸுக்குள்ளேயே சிகிச்சை பெறுபவர் கூடுதலாகக் காத்திருக்க, எல்லையோரத்தவர் மட்டும் ஏன் முந்த வேண்டும் என்பது அதன் கேள்வி. ஆனால் நடைமுறையில் அர்த்தம் இதுதான். ஒரே சந்தையில் ஆடு விற்று, ஒரே 'ஊன்டி-டம்ப்' ஆங்கிலம் பேசி, ஒரே வயதில் ஒரே மூட்டு தேய்ந்த இரண்டு விவசாயிகள் ஒரே மருத்துவரிடம் போகிறார்கள். ஆற்றுக்கு வடக்கே வீடு உள்ளவருக்கு முதலில் தேதி கிடைக்கும். தெற்கே உள்ளவர் கைத்தடியோடு காத்திருப்பார்.

ஊர் இதற்காகக் கொந்தளித்துவிடவில்லை. எல்லையோர மனிதர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். வங்கிக் கிளைகள் போனபோதும் அவர்கள் முணுமுணுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். இளைஞர்கள் கார்டிஃப், பர்மிங்ஹாம் என்று கிளம்பும்போதும் ரயில் நிலையம்வரை, அதாவது இங்கிலாந்துவரை, வந்து வழியனுப்பிவிட்டு வேல்ஸுக்குத் திரும்பி நடக்கிறார்கள். ஆகஸ்ட் இறுதியில் கண்காட்சிக்கும் திருவிழா ஊர்வலத்துக்கும் பிள்ளைகள் திரும்பி வந்தால் சரி.

டீம் ஆற்றங்கரைப் பூங்காவில், ஜான் ஹன்ட் பாதையைத் திறந்து வைத்ததைச் சொல்லும் கல் நிற்கிறது. பக்கத்திலேயே ஆஃபாவின் கரை. பிரிப்பதற்காக எழுப்பப்பட்டது, இன்று நடப்பதற்காகப் பராமரிக்கப்படுகிறது. மாலையில் குழந்தைகள் அதன் சரிவில் உருண்டு விளையாடுகிறார்கள். வேல்ஸ் பக்கம் ஏறி, இங்கிலாந்து பக்கம் சறுக்கி, மறுபடி ஏறி. மண்ணால் ஆன கோட்டை மழையும் ஆட்டுக் குளம்பும் சேர்ந்து மழுங்கச் செய்ய ஆயிரத்து இருநூறு ஆண்டு பிடித்தது. காகிதத்தில் போட்ட கோட்டின் மீது மழை பெய்வதில்லை.